எல்டர்கோமின் சிவப்புக் கூண்டு

சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டோரத்தி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குடை, தலையில் ஞாயிறு ஆராதனைக்குப் போடும் தொப்பி, கூண்டைப் பெயர்த்துக்கொண்டு போக வந்த லாரிக்காரர்கள் அவளே போட்டுக் கொடுத்த தேநீரோடு வெளியே நிற்கிறார்கள், இதில் இப்போது யாரும் பேசுவதில்லையே அம்மா என்று ஒருவன் கெஞ்ச, பேசாவிட்டால் என்ன, இது எங்கள் ஊர்க் கூண்டு என்கிறாள், எங்கள் என்றபோது பக்கத்து வீட்டு மதிலோரம் நின்ற என்னையும் சேர்த்துத்தான் கையை வீசினாள், யாழ்ப்பாணத்துக் கரவெட்டியிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து இந்தக் குன்றடிக் கிராமம் எல்டர்கோம், இங்கே கடை எடுத்து நடத்த வந்து ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை எனக்கு. லாரி வெறுமனே திரும்பிப் போயிற்று. அதன்பின் அவள் என் கையைப் பிடித்து ஊரைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள், தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்தைய நார்மன் காலத்துத் தேவாலயக் கோபுரம், சாய்ந்த கூரையுள்ள மதுச்சாலை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பஸ் வரும் நிறுத்தம், கொள்ளைநோயில் ஊரின் பாதி செத்தது, மீதிப் பாதி கோபுரத்தில் தொங்கும் இந்த மணியை வார்த்தது என்று நேற்று நடந்ததைப் போலச் சொல்கிறாள், கூண்டை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் கூடியபோது, நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் எழுப்பும் கருவியை அதற்குள் மாட்டுவோம் என்றாள், முதலில் கை தூக்கியது நான்.

பிறகு ஒரு கோடை, புல்வெளியில் ஊர் விழா, கிரிக்கெட் பந்தைத் துரத்திய என் கணவர் குகநேசன் பாதியில் முழங்காலிட்டுச் சரிகிறார், ஆம்புலன்ஸ் குன்றைச் சுற்றி வரவேண்டும், மதுச்சாலைக்காரர் நைஜல் அவர் நெஞ்சை அமுக்கத் தொடங்க நான் ஓடுகிறேன், கால் படுவது புல்லிலா கரவெட்டிச் செம்மண்ணிலா என்று தெரியவில்லை, கூண்டின் கதவு, கருவி, திரும்பி ஓட்டம், விலகி நில்லுங்கள் என்று கருவி பேசுகிறது, ஊரே விலகி நிற்கிறது, அவர் உடல் ஒருமுறை தூக்கிப்போட்டு அடங்க, நைஜல் மறுபடி அமுக்க, மூச்சு, ஆம், மூச்சு.

இவ்வளவு சின்ன ஊரில் அந்தக் கருவி இருந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றார் ஆம்புலன்ஸில் கூட வந்த உதவியாளர், அதிர்ஷ்டமில்லை என்று தொடங்கிய எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, எங்கள் கோபுரம், எங்கள் மணி, எங்கள் பஸ், லாரியைத் திருப்பி அனுப்பிய எங்கள் டோரத்தி, அழுதுகொண்டே சொல்லிக்கொண்டு போகிறேன், குகநேசன் விரலை அசைத்தார், குனிந்தேன், இஞ்சரும், எங்கட கடையைச் சொல்ல மறந்திட்டீர் என்றார் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து, ஊரில அது ஒண்டுதானே கடை.