பூட்டிய காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை

ரிஸ்வி நானாவின் கடைக்கு அழகன் கொடுக்க வேண்டியது இருபத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். அரிசிக்கோ மருந்துக்கோ பட்ட கடன் அல்ல. பிள்ளைகளுக்கு நுவரெலியா காட்டப் பட்ட கடன்.

சித்திரை லீவில் பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் நுவரெலியா போய் வந்து, குதிரை ஏறினோம், படகில் போனோம் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கதை அளந்தார்கள். அழகனின் மகள் ரூபிகாவுக்கு ஒன்பது வயது, மகன் வினோஜனுக்கு ஆறு. இரண்டு நாள் இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. பெற்ற மனம் கேட்குமா? அக்கரப்பத்தனை டவுனில் நானாவிடம் புதுத்துணியும் கைமாற்றும் வாங்கி, வேன் பிடித்துப் போனார்கள். வழியிலேயே வினோஜன் புதுச்சட்டையில் வாந்தி எடுத்தான். குதிரையில் ஏற்றியதும் அலறினான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மிச்ச நேரமெல்லாம் வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சந்தோஷம் அரை நாளில் முடிந்தது. கடன் முடியவில்லை.

தோட்டத்துச் சம்பளம் வயிற்றுக்குத்தான் காணும். கடனை அடைக்க இருந்த ஒரே வழி கைக்காசு. ஞாயிறு லீவு நாளில் தேயிலைக் கொழுந்து பறித்தால் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்று அன்றைக்கே கையில் கொடுப்பார்கள். அழகனும் மனைவி ஜெயந்தினியும் ஆளுக்குப் பதினைந்து கிலோ பறித்து, வாரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை அப்படியே நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பிள்ளைகளை எங்கே விடுவது? லயத்தில் முக்கால்வாசிப் பேர் கைக்காசுக்குப் போய்விடுவார்கள். கீழே ஆறு, மேலே சிறுத்தை நடமாட்டம். அதனால் அடுப்பை அணைத்து, சோற்றை மூடி வைத்து, காம்பராவை வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். ஓர் அறை, ஒரு ஜன்னல்.

"எங்களையும் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று முதல் வாரம் வினோஜன் சேலையைப் பிடித்து அழுதான்.

"நுவரெலியா காட்டினோம்ல? பேசாம இருங்க" என்றாள் ஜெயந்தினி.

மூன்றாவது வாரம் பிள்ளைகள் அழவில்லை. பழகிவிட்டார்கள் என்று பெற்றவர்கள் நிம்மதிப்பட்டார்கள்.

எட்டாவது வாரக் காசை வாங்கிக்கொண்டு நானா சொன்னார்: "அழகன், பிள்ளைகள் தனியா ஈக்கிறதுன்னு சொன்னீங்களே. போன் ஒன்னு கொடுத்தா ஒரு கரச்சலும் இல்ல. மூவாயிரம் தந்துட்டுக் கொண்டு போங்க, மிச்சத்த மெதுவாத் தரலாம்."

அழகனுக்கு அது சரியாகத்தான் பட்டது. வயிற்றைக் கட்டி, சம்பளத்தில் மூவாயிரத்தை எடுத்து மடித்து வைத்தான்.

"ஒரு கடனே முடியல. இன்னொன்னா?" என்றாள் ஜெயந்தினி.

"அப்ப உள்ளுக்குள்ள அதுக என்னதான் செய்யுங்க? நீயே சொல்லு."

அவளும் ஒத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பின்னேரம் டவுனுக்குப் போய் போனை வாங்குவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு, மலையில் ஏறி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, குளவிக்கூடு கலைந்துவிட்டது. கங்காணி எல்லோரையும் வீட்டுக்கு ஓடச் சொன்னார். மூச்சு வாங்க வந்து சாவியை எடுத்த ஜெயந்தினி, உள்ளே கேட்ட பேச்சில் அப்படியே நின்றாள். பின்னால் வந்த அழகனின் கையையும் பிடித்து நிறுத்தினாள்.

பிள்ளைகள் அப்பா அம்மா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். துவாயைச் சுருட்டி இரண்டு பிள்ளை செய்திருந்தது ஜன்னல் இடுக்கில் தெரிந்தது.

"நீதான் அப்பா. போய்ப் படு" என்றாள் ரூபிகா.

"இப்பதானே வந்தேன். எதுக்குப் படுக்கணும்?"

"அப்பா வந்ததும் படுக்கத்தான் செய்வாரு. தல வலிக்குது, சத்தம் போடாதீங்கன்னு சொல்லு."

வினோஜன் குரலைத் தடிப்பாக்கிச் சொன்னான். ரூபிகா துவாய்ப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினாள். "அம்மா கைக்காசுக்குப் போறேன். கதவத் தட்டக் கூடாது. அதான் நுவரெலியா காட்டினோம்ல?"

பிறகு சின்னவன் சொன்னான்: "அக்கா, நான் அப்பாவா இருக்க மாட்டேன். அப்பாவுக்கு வெளயாட்டே இல்ல."

ஜெயந்தினி தலையில் போட்டிருந்த கொங்காணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகன் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தான்.

பின்னேரம் டவுனுக்குப் போனான். மடித்து வைத்திருந்த மூவாயிரத்தை நானா முன்னால் வைத்தான்.

"இது பழைய கடனுக்கு. போன் வேணாம் நானா. இனி வாரம் எழுநூத்தி அம்பதுதான் தருவேன்."

"அப்ப சுணங்குமே."

"சுணங்கும். வந்துரும்."

நானாவின் முகம் கறுத்தது. ஆனாலும் தலையாட்டினார்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு அவன் மலைக்குப் போனால், மறு ஞாயிறு அவள் போனாள். மற்றவர் வீட்டில். கதவு திறந்திருந்தது.

அழகனின் முதல் முறை வந்த அன்று ஒரே மழை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளோடு என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தான். குளிருக்கு ஒட்டிய பழைய பேப்பர்கள் கூரைவரை இருந்தன. கலியாணத்துக்குப் பிறகு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியவன் அவன்.

"குடைங்கிற சொல்ல யாரு மொதல்ல கண்டுபிடிக்கிறான்னு பாப்போம்" என்றான்.

ரூபிகா கட்டிலில் ஏறித் தேடினாள். வினோஜன் குடைப் படத்தில் கையை வைத்து, "நான்தான் வின்" என்றான். "படம் கணக்கில்லடா" என்று அவள் சண்டைக்குப் போனாள். அழகன் கழுத்தை வளைத்து ஒரு மூலையில் தடுமாறிக்கொண்டிருந்தான்.

"அப்பா, அது தலகீழா ஒட்டின பேப்பர். இப்புடியே நின்னா நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல கழுத்து கோணலாத்தான் நிப்பீங்க" என்றாள் ரூபிகா.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர் சுவரைத் தட்டினார். ஒரு சதம் செலவில்லை.

ஜெயந்தினியின் முறையில் தணலில் உருளைக்கிழங்கு சுட்டார்கள், ஆற்றில் துணி துவைத்தார்கள், லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி நட்டார்கள். ஆனாலும் ஒரு குறை. அம்மா இருந்தால் அப்பா இல்லை, அப்பா இருந்தால் அம்மா இல்லை. "நாலு பேரா எப்ப?" என்று வினோஜன் ஒவ்வொரு வாரமும் கேட்டான். "கடன் முடியட்டும்டா" என்று இருவரும் சொன்னார்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் அழகன் கடைசிக் காசை நானாவிடம் கொடுத்தான்.

"சரியா ஈக்கு" என்றார் நானா. "தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு ஒன்னும் வாணாமா? இந்த முறை ஹட்டன் பக்கம் கூட்டிக்கொண்டு போங்களேன். நான் தாரன்."

"வேணாம் நானா. புள்ளைங்கள சந்தோஷப்படுத்தன்னு கடன் வாங்கினேன். அந்தக் கடனுக்காக அதுகளையே உள்ள வச்சுப் பூட்டினேன். புள்ளைங்களுக்கு ஊரு காட்டுறதுக்கு முந்தி, பெத்தவங்க அதுக பக்கத்துல உக்காரணும். அதுக்குக் காசு தேவயில்ல. எனக்கு இது தெரிய ஆறு மாசம் போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க நாலு பேரும் வீட்டுல இருப்போம்."

நானா கடன் கொப்பியைத் திறந்து, அழகன் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்தார்.