பாதி தீர்ந்த பேட்டரி

காது கேட்கும் கருவிக்காகச் செய்த மின்னணுச் சில்லு, பேட்டரி புதிதாக இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்தது. பேட்டரி பாதி தீர்ந்ததும் விசிலடித்தது.

சோதனை மேசைக்காரனுக்கு அலுவலகத்தில் ‘மீட்டர்’ என்று பெயர். கழுத்தில் எப்போதும் மின்சாரம் அளக்கும் ஒரு மீட்டர் தொங்கும்.

“அக்கா, உங்க பிள்ளை பசிச்சா மட்டும் அழுவுது” என்றான்.

சில்லை வடிவமைத்தவள் சிரிக்கவில்லை. திரையில் துள்ளிய அலையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

ஒலியைப் பெருக்கும் பகுதியை அடக்கி வைக்க அவள் போட்ட, மின்னைத் தேக்கிவைக்கும் ‘மாஸ்’ வகைக் கெப்பாசிட்டர்தான் காரணம். போதிய மின்னழுத்தம் இருந்தால் அதன் அடியில் மின்துகள்கள் திரண்டு நிற்கும்; நிறையத் தேக்கும். அழுத்தம் இறங்கினால் அந்த இடம் வெறிச்சோடிவிடும்; மூன்றில் ஒரு பங்குதான் தேக்கும்; பெருக்கும் பகுதி அடங்காமல் விசிலடிக்கும். குறைந்த அழுத்தத்திலும் தாக்குப்பிடிக்கும் இன்னொரு வகையும் உண்டு. அதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும், சில்லு பெரிதாகும். இடத்தை மிச்சம் பிடிக்க அவள் முதல் வகையை எடுத்தாள். புது பேட்டரியின் அளவை வைத்தே கணினியில் சரிபார்த்தாள்.

மறுபடி சில்லு செய்யப் பணமில்லை. முதலீடு செய்பவர்கள் நாளை பார்க்க வருகிறார்கள். அவர்கள் கைவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“புது பேட்டரி போட்டுக் காட்டிடலாம்க்கா. அவங்க போற வரைக்கும் விசிலடிக்காது.”

“அப்புறம்?”

“அப்புறம் கடவுள் பாத்துப்பார்.”

“அவர் இப்பவே பாத்துக்கிட்டுதான்டா இருக்கார்.”

“எனக்கு எட்டாம் மாசம்க்கா. அதாவது, வீட்ல அவளுக்கு.”

அன்று இரவு அவள் கண்மூடி வேண்டியபோது எதையும் கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கருவியை மாட்டப்போகும் யாரோ ஒரு பெரியவர் மட்டும் மனதில் வந்தார். மகள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் காதில் விசில் கேட்கும். கருவியைச் சந்தேகிக்க மாட்டார். தன் காதுதான் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்து, சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பார்.

காலையில் மேலாளரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வராது.”

வந்தவர்கள் முன்னால் பாதி தீர்ந்த பேட்டரியை அவளே போட்டாள். விசிலடித்தது. காரணத்தைச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே எழுந்து போனார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மீட்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களைச் சுற்றி வைத்தான்.

பஸ் நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கோவமாடா?”

“கோவம்தான்க்கா. வீட்ல போய் என்ன சொல்றதுன்னே தெரியல.”

அவனுடைய பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

“போடா, அவ காத்துக்கிட்டிருப்பா.”

“உங்களை இப்படித் தனியா விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா, அதுக்கு வேற திட்டுவா.”

அடுத்ததும் வந்து போயிற்று. அவளுடைய பஸ் வரும்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.