கொழும்பு வழியாக ஒரு மைல்

லைற்ஹவுஸ் போய்ஸ் இசைக்குழு கல்முனைக்கு வருகிறது என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். படத்தில் நின்ற நாலு பேருக்கும் அறுபது தாண்டியிருந்தது. கிற்றார்க்காரருக்குத் தலையில் ஒரு மயிர் மிச்சமில்லை. ட்ரம்ஸ் அடிப்பவர் முழங்காலில் ஒப்பரேஷன் செய்துகொண்டு கனடாவிலிருந்து வந்தவர். ஆனாலும் பெயர் போய்ஸ்தான். எழுபத்துமூன்றில் வைத்த பெயரை இனி யார் மாற்றுவது?

யுத்தம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நோன்புக்கு முந்திய சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி மஃரிப் தொழுகைக்கு முன்னர் முடித்துவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். சாய்ந்தமருது பிரதான வீதியில் சைக்கிள் திருத்தும் கச்சிமுகம்மது, தன் கடைக் கதவில் சுவரொட்டியை ஒட்ட விட்டுவிட்டு, நாலு நாளாக அதன் பக்கம் திரும்பாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் வேலப்போடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் குழுவைப் பற்றி இரண்டு பேருக்கு முப்பது வருட வழக்கு. ஒருவர் கச்சிமுகம்மது. மற்றவர் காரைதீவு வேலப்போடி, வயல்காரர். ஞாயிறு காலையில் கொழும்பு ரேடியோவில் நேயர்களின் தபாலட்டைகளை வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதில் இவர்கள் இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். முதல் இரண்டு இசைத்தட்டோடு குழு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த கசட்டுகளெல்லாம் கிழவர்கள் மூச்சு வாங்குகிற சத்தம் என்பது கச்சிமுகம்மதுவின் கட்சி. 'துறைமுகத்து ராணி'யில் துள்ளிய குரலைக் கேட்ட காதால் இதைக் கேட்க முடியுமா என்று எழுதுவார். குரல் உடைந்த பிறகுதான் அந்த மனிதர் பாடவே தொடங்கினார், 'இறங்குதுறை' கசட்டைக் கேட்டும் விளங்காதவருக்குக் காது எதற்கு என்று வேலப்போடி எழுதுவார். எவ்வளவு திட்டினாலும் கடைசி வரியில் வயல் நிலவரம் சொல்லித்தான் முடிப்பார். 'வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளியே வரல்ல, ஒரு மழை வேணும், வணக்கம்.' அறிவிப்பாளர் அதைச் சிரித்துக்கொண்டே வாசிப்பார்.

முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதுக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் இடையில் ஒரு மைல்தான். ஆனால் எண்பத்தைந்தில் ஒரு கலவரம், தொண்ணூறில் இன்னொன்று. இந்த ஊர் ஆள் அந்த ஊருக்குப் போக முடியாத வருடங்கள் எத்தனையோ. அப்போதெல்லாம் ஒரு மைல் தூரத்துக் கதை கொழும்புக்குப் போய்த்தான் திரும்பி வந்தது. ஊரடங்கு நாளில் ரேடியோவில் வேலப்போடி தன்னைச் செவிடன் என்று ஏசுவதைக் கேட்டால் கச்சிமுகம்மதுவுக்கு நெஞ்சு குளிரும். ஆள் உயிரோடு இருக்கிறான். அந்தச் சந்தோசத்தில் இன்னும் காரமாக ஒரு மறுப்பு எழுதுவார்.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், குழு மட்டக்களப்புக்கு வந்தபோது இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மேடையில் பாடகர் பாதிப் பாட்டில் வரியை மறந்து நின்றார். கச்சிமுகம்மதுவால் தாங்க முடியவில்லை. எழும்பிப் போய் பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தார். வேலப்போடி கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

"குரலும் போய் ஞாபகமும் போன மனிசன் என்னத்துக்கு மேடைக்கு வாறான்?" என்று, திரும்பி வரும் பஸ் கல்லாறு தாண்டும்போது கச்சிமுகம்மது கேட்டார்.

"வேற எங்க போக மச்சான்?" என்றார் வேலப்போடி.

அடுத்த வருட மார்கழியில், ஒரு ஞாயிறு காலை, மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன வேலப்போடியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதே காலையில் சாய்ந்தமருதில் கச்சிமுகம்மதுவின் வீடு போனது, வீட்டுக்குள் நின்ற மனைவி ஸம்ஸியாவும் போனாள். கடை பிரதான வீதியில் இருந்ததால் தப்பியது. கடைக்குள் நின்றதால் அவரும் தப்பினார். தப்பியது ஒரு பெரிய காரியமாக அவருக்குத் தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து அறிவிப்பாளர் ரேடியோவில் கேட்டார்: "காரைதீவு வேலப்போடி ஐயாவைக் காணவில்லையே? சுகமாக இருக்கிறீர்களா?" கச்சிமுகம்மது கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். செத்துப்போனார் என்று ஒரு தபாலட்டை எழுதியிருக்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தார். எழுதி முடித்தபோது அது வேலப்போடியின் பெயரில் இருந்தது. 'சுகமாக இருக்கிறேன். சாய்ந்தமருதுச் செவிடருக்கு இன்னும் காது திறக்கவில்லையா?'

பிறகு அதை நிறுத்த முடியவில்லை. ஒரு கிழமை தன் பெயரில் எழுதுவார், மறு கிழமை வேலப்போடியாக எழுதுவார். வேலப்போடியாக எழுத வேண்டுமென்றால் அந்த 'இறங்குதுறை' கசட்டைக் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் வாதத்துக்குச் சாட்சியாக வேலப்போடி கொடுத்த கசட் அது. ஸம்ஸியாவுக்கு அது பிடிக்கும். அவள் போட்டால் இவர் போய் நிறுத்திவிடுவார். இப்போது நிறுத்த ஆள் இல்லாத கடையில் திரும்பத் திரும்ப ஓடியது. வயல் நிலவரமும் பிழைக்கக் கூடாது என்று மாதத்தில் ஒரு தடவை மாவடிப்பள்ளி வரை சைக்கிளில் போய், வரம்பில் நின்று வெள்ளாமையைப் பார்த்துவிட்டு வருவார். சைக்கிள்காரனுக்கு வயலில் என்ன வேலை என்று அங்கே சிரித்தார்கள். நாலு வருடமாக அவருக்கு வேறு கூட்டாளி இல்லை.

கடைசியாக வேலப்போடியின் பெயரில் எழுதிய அட்டையில், 'கல்முனைக் கச்சேரிக்குக் கட்டாயம் வருவேன், முன்வரிசையில் இருப்பேன்' என்று எழுதிவிட்டார். எழுதும்போது ஒரு உற்சாகம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பகல், ளுஹர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். சேலை புதிது, செருப்பு பழையது. கையில் புல்லால் இழைத்த பன்பை.

"கச்சிமுகம்மது காக்காதானே? நான் காரைதீவு வேலப்போடிட மனுசி. செல்லத்தங்கம்."

கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல 'காக்கா' என்றாள். மகளின் பேறுகாலத்துக்குச் சவளக்கடைக்குப் போயிருந்ததால் கடலுக்குத் தப்பியவள், பிறகு அங்கேயே தங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு நாளாவது போய்த் துக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் போகவில்லை. அந்த வீட்டில் ரேடியோ கேட்டவர் வேலப்போடி ஒருவர்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் மகள்ட பக்கத்து வீட்டில ரேடியோ போட்டாங்க. அவர்ர பேர் வந்திச்சு. நான் நம்பல்ல. அங்கால வெள்ளாமை குடலை எண்டு எழுதியிருந்தார். அண்டைக்கு எங்கட வயலும் குடலைதான். வயலப் பாக்காத ஆள் அப்படி எழுத ஏலுமா காக்கா?"

மாவடிப்பள்ளி வரம்பில் நின்றது கச்சிமுகம்மதுவுக்கு ஞாபகம் வந்தது.

"யுத்தம் முடிஞ்சு வன்னியில இருந்தெல்லாம் ஆக்கள் வாறாங்க. புத்தி தடுமாறி எங்கயெங்கயோ இரிந்தவங்களும் வாறாங்களாம். இவருக்கும் என்ன நடந்திச்சோ. வேற ஒருத்தியோட இரிந்தாலும் பறவாயில்ல. ஒருக்காப் பாத்தாப் போதும். இண்டைக்கு முன்வரிசையில இரிப்பன் எண்டு எழுதியிரிக்கார். உங்களுக்கு அவர் இரிக்கிற இடம் தெரியுமா?"

"வாங்க தங்கச்சி, மைதானத்துக்குப் போவம்" என்றுதான் அவர் வாயில் வந்தது. கோழை. அந்த நேரம் தன்னை அவர் அப்படித்தான் ஏசிக்கொண்டார்.

மைதானத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள். அவள் முன்வரிசையில் போய் இருந்து, பக்கத்துக் கதிரையில் பன்பையை வைத்தாள். அதற்கு அடுத்த கதிரையில் கச்சிமுகம்மது இருந்தார். பாட்டுத் தொடங்கியது. 'துறைமுகத்து ராணி'க்குப் பொடியன்கள் ஆடினார்கள். அவர் வாழ்நாள் முழுக்க வாதாடிய பாட்டு அது, ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. செல்லத்தங்கம் மேடையைப் பார்க்கவேயில்லை. வாசலால் ஆள் வரும்போதெல்லாம் திரும்பினாள். வயதான ஆள் என்றால் பாதி எழும்பினாள். பிறகு இருந்தாள். ஒருவர் வந்து கதிரை வெறுமையா என்று கேட்டார். "ஆள் வருது" என்றாள்.

நாலாவது தடவை அவள் எழும்பியபோது, மேடையில் 'இறங்குதுறை' தொடங்கியது. பாடகரின் குரல் மேலே ஏற முடியாமல் பாதியில் நின்று, மூச்செடுத்து, மறுபடி தொடங்கியது. கச்சிமுகம்மது சொன்னார்:

"தங்கச்சி, அவர் வரமாட்டார். எழுதினது நான்."

அவள் திரும்பினாள்.

"எல்லாத்தையுமா?"

"கடல் வந்த பிறகு வந்த எல்லாத்தையும். வயலுக்கும் நான்தான் போய்ப் பாத்த. அவர்ர குரல் இல்லாம இரிக்க ஏலாமப் போச்சு. குடும்பம் கேக்கும் எண்டு நினைக்கல்ல. அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிடுங்க."

அவள் அழுவாள், ஏசுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். எது செய்தாலும் தகும் என்றுதான் இருந்தார். அவள் பன்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் கதிரை வெறுமையாக இருந்தது.

"சித்திரையில ஒண்டு வாசிச்சாங்க" என்றாள். "இந்தப் பாட்டைக் கேட்டா மனுசி அடுப்படியில நிண்டு தலைய ஆட்டுறது ஞாபகம் வருது எண்டு. அவவப் பிடிக்கும் எண்டு ஒருநாளும் சொல்லல்லையே எண்டு. அதுவும் நீங்களா?"

"ஓம்."

"நான் ஒருநாளும் தலை ஆட்டின இல்ல. எனக்கு அவர்ர பாட்டுப் பிடிக்காது. ஆனா ரேடியோ சொன்ன பிறகு, ஆட்டியிரிப்பன், எனக்குத்தான் மறந்திட்டு எண்டு நினைச்சன். அத நினைச்சு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் இரிந்த." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அது உங்கட மனுசியா?"

"ஓம். ஸம்ஸியா. அவ போட்டா நான் நிப்பாட்டிப்போடுவன். என்ர பேரில அத எழுத எனக்கு வெக்கம்."

"என்ர மனிசனுக்கும் வெக்கம்தான்" என்றாள் செல்லத்தங்கம். பிறகு இருவரும் மேடைப் பக்கம் திரும்பிப் பாட்டைக் கேட்டார்கள். அன்றைக்குப் பாடகர் ஒரு வரியையும் மறக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வைத்து அவள் சொன்னாள்: "ரேடியோவாலதான் அவர எழுப்பினீங்க. ரேடியோவாலதான் அனுப்பவும் வேணும். மரண அறிவித்தல் குடுங்க. நான் சொன்னா மகள் இனி நம்பமாட்டாள். ரேடியோ சொன்னா நம்புவாள். மறுகா அந்தியேட்டிக் கிரியை செய்யலாம். நாலு வருசமா ஒண்டும் செய்யல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்தார். அடுத்த கிழமை எழுதுவதற்கு வைத்திருந்தது. அதில் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். காரைதீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர். செல்லத்தங்கத்தின் அன்புக் கணவர். ஒரு மகளின் தந்தை.

"உங்கட பேரையும் போடுங்க."

"என்னவெண்டு போட?"

பஸ் வந்துவிட்டது. அவள் மிதிபலகையில் ஏறிக்கொண்டு யோசித்தாள். "கூட்டாளி எண்டு போடுங்க" என்றாள். அவர் போட்டார்.

நோன்பின் முதல் ஞாயிறு. காலை அறிவித்தலில் வேலப்போடியின் பெயர் வந்தது. அட்டையில் இறந்த திகதி போடாததால் ரேடியோவில் யாரும் கேள்வி கேட்கவில்லை; நாலரை வருடம் பிந்திய மரணம் என்று ஊரிலும் கேட்கவில்லை, அந்த நாட்களில் பிந்திய மரணங்கள் நிறைய இருந்தன. கச்சிமுகம்மது கடையின் ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து, நிகழ்ச்சி வரும் வரைக்கும் இருந்தார். அறிவிப்பாளர் கொஞ்ச நேரம் வேலப்போடி ஐயாவைப் பற்றிப் பேசினார். பிறகு சாய்ந்தமருதிலிருந்து வந்த அட்டையை வாசித்தார்:

"முப்பது வருடமாக நான் சொன்னது பிழை. பிந்திய பாட்டுகள்தான் நல்லவை. இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். என் மனைவி ஸம்ஸியாவுக்கும் சொல்லியிருக்க வேண்டும். மாவடிப்பள்ளிப் பக்கம் வெள்ளாமை வெட்டு முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை. வணக்கம்."

இந்தக் கருத்தை மறுக்க விரும்பும் நேயர்கள் எழுதலாம் என்றார் அறிவிப்பாளர்.

கச்சிமுகம்மது அடுத்த ஞாயிறும் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் இருந்தார். மறுப்பு வரவில்லை.