தாய்மாமன் எதில் வருகிறார்?

வெளிநாடு போகிறேன் என்று துறையூர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தவன், இலங்கையில் ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டியும் மாலைப் பையுமாக நின்றேன். மேலே தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டதாம், ரயில் நகராது. கொழும்பிலேயே வேன் பிடிக்கச் சொன்னார்கள். ரயிலில் போனால்தான் மலை தெரியும் என்று அடம்பிடித்தேன். மலை தெரிந்தது. அசையாமல் தெரிந்தது.

அன்று தலவாக்கலையில் தங்கை மீனம்மா மகள் கிருஷாந்திக்குக் கல்யாணம். ஒரே தாய்மாமன் நான். ராகுகாலம் பிறக்குமுன் நான் மாலை போட்டு, கைபிடித்து வாசல் இறக்கினால்தான் பெண் கோயிலுக்குக் கிளம்பும்.

என் செல்போன் கடல் தாண்டியதும் ஊமையாகிவிட்டது. டீக்கடை இக்ராமின் போனில் தங்கை புருஷன் சுதாகரனைப் பிடித்தேன்.

"அசையாதீங்க மச்சான். நானே ஆட்டோவுல வர்றேன்."

சரி என்றேன். போனை வைத்ததும் மனசு கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்காரனை இப்படியா அலைக்கழிப்பது? எதிரே பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"தலவாக்கலையா? ஏறுங்க ஐயா, இப்ப போயிரும்" என்றார் கண்டக்டர்.

கடைசி சீட் நிறையும்வரை 'இப்ப' நீண்டது. பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் இறங்கினார், இருவர் ஏறினார்கள். வழியில் எதிரே ஓர் ஆட்டோ தலைதெறிக்கப் பறந்தது. பாவம், யாருக்கு என்ன அவசரமோ என்று வருத்தப்பட்டேன்.

தலவாக்கலையில் இறங்கி, தேயிலைக்குள் குறுக்கே ஏறி, அட்டை கடித்த காலோடு தங்கை வீடு இருக்கும் லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, அடைந்தேன். ஸ்பீக்கர் அலறியது. பந்தலில் ஒரு ஆள் இல்லை.

"எங்கண்ணே போனீங்க?" பக்கத்து வீட்டு நாகலெட்சுமி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஸ்டேஷன்ல ஒங்கள காணோமுன்னு சுதாகரண்ணன் போன் பண்ணுச்சு. மீனம்மாக்கா பஸ்ஸுல தேடிப் போயிருச்சு. மத்தவங்க கொழுந்து லொறியில போய்ட்டாங்க!"

உள்ளே பட்டுச்சேலையில் கிருஷாந்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் மை கலைந்திருந்தது.

"எதுல வந்தீங்க மாமா?"

"எதுல வரக்கூடாதோ அதுலம்மா."

சிரித்துத் தொலைத்தாள். "ராகுகாலம் வந்துரும். போடுங்க."

மாலை போட்டேன். வாசல் இறக்கியும் விட்டேன். ஆனால் கோயிலுக்குப் போக வண்டி? எல்லாம் என்னைத் தேடிப் போயிருந்தன.

"ரோட்டுக்குப் போய் எதையாவது நிறுத்துறேன்" என்றேன்.

"ஐயோ, நீங்க ஒண்ணும் நிறுத்த வேணாம் மாமா!" குடையை என் கையில் திணித்தாள். "நாகலெட்சுமிக்கா, எல்லாரையும் நேரா கோயிலுக்கு வரச் சொல்லுங்க. நாங்க நடக்குறோம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேயிலைச் சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள். குடையோடு பின்னால் ஓடினேன், வாயை மூடிக்கொண்டு.