மெத்தைக்காரர் தூங்குகிறார்

குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள். நான் மட்டும் எதிர்த்திசையில் நடப்பேன். திமிர் என்று சிலர் நினைத்திருப்பார்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் கூடவே நடந்தால் முதுகுதான் தெரியும். எதிரே நடந்தால் ஒரு சுற்றுக்குள் ஒவ்வொருவர் கழுத்தையும் இரண்டு முறை பார்த்துவிடலாம். எனக்கு வேண்டியது கழுத்து.

நான் பதினாறு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஏழு வருஷம் இங்கே, ஒன்பது வருஷம் மஸ்கட்டில். பாதி ஆயுள் இரவு டியூட்டியிலேயே போனதால், யார் எப்படித் தூங்கினார்கள் என்பது அவர்கள் நடந்து வரும்போதே தெரிந்துவிடும். ஊர் திரும்பிய பிறகு, ஒவ்வொருவர் கழுத்தையும் டேப்பால் அளந்து, அந்த அளவுக்கு இலவம்பஞ்சுத் தலையணை செய்து விற்க ஆரம்பித்தேன். ஜனவரி விடியலில் ஏரியே இருக்காது. வெள்ளையாக ஏதோ ஒன்றுதான் இருக்கும். அதற்குள்ளிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவார்கள், மறுபடி அதற்குள்ளேயே போய்விடுவார்கள். பாதித் தூக்கத்தில் இருப்பது அவர்களா நானா என்று சில நாள் எனக்கே குழப்பமாக இருக்கும்.

மஸ்கட் ஆஸ்பத்திரி என்னைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஜோ ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். அந்த ஒரு சம்பளத்தில் வீடு இழுபறியாகத்தான் ஓடியது. அதனால் இருவரும் பேசி வைத்திருந்தோம்: அதற்குள் ஒரு விடுதியாவது நிரந்தர வாடிக்கையாகக் கிடைத்தால் நான் இருப்பேன், இல்லாவிட்டால் போவேன்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. மகள் நிக்கோலை மூன்று வயதில் விட்டுப் போனேன், பன்னிரண்டு வயதில் வந்து பார்த்தேன். ஒன்பது வருஷமும் டியூட்டி முடிந்து நான் போன் செய்தால் ஜோ சொல்லும் பதில் ஒன்றுதான். "நிக்கோல் தூங்கறா, ஹில்டா." எழுப்புங்கள் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. தூங்குகிறவர்களை எழுப்ப நர்ஸுக்கு மனசு வராது. போனை வைத்துவிட்டு அழுவேன், அது வேறு விஷயம்.

நிர்மலாவை நான் பிடித்தது ஏரியில்தான். கோகுலம் பகுதியில், யோகா கற்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பதினாலு அறை வைத்திருப்பவர். இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குபவர். என் தலையணையை அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"சென்னாகித்தே," என்றார். நல்லாயிருக்கிறது என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. "ஆனா நான் எங்க வியாழக்கிழமை கூட்டத்துல இருக்கறவங்ககிட்டதான் வாங்குவேன். அது எங்க வழக்கம். நீங்க வந்து சேருங்க."

யாதவகிரியில் ஒரு ஓட்டல் மாடியில், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நடக்கும் கூட்டம் அது. சின்னத் தொழில் செய்பவர்கள் நாற்பது பேர் வருவார்கள். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள்தான். ஆளுக்கு ஒரு நிமிஷம் பேச்சு, பிறகு இட்லி. வர முடியாதவர் தனக்குப் பதிலாக யாரையாவது அனுப்பலாம். ஆனால் வருகிற மாற்று ஆள், வராதவரின் தொழிலைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து மூன்று வியாழன் வராவிட்டால் இடம் போய்விடும். இத்தனையும் நிர்மலா, தலைவி என்ற முறையில், எனக்குப் பாடம் மாதிரி ஒப்பித்தார்.

முதல் வியாழன் நான் எழுந்து பேசி உட்கார்ந்ததும், எதிர் வரிசையில் ஒருவர் எழுந்தார். கிருஷ்ணராஜ், பெரிய மெத்தைக் கடைக்காரர். கூட்டம் முழுக்கக் கன்னடத்தில் பேசிய மனிதர், மறுப்பை மட்டும் தமிழில் சொன்னார். அது எனக்குக் காட்டிய மரியாதையாம்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மெத்த இருக்கற எடத்துலதானுங்க தலகாணியும். அது எம்பட சீட்டுல வருது."

நிர்மலா கையை விரித்தார். விதி விதிதான். எனக்கு வந்த கோபத்தில் இட்லி இறங்கவில்லை. ஆனாலும் கண் சும்மா இருக்குமா? அவர் கழுத்தைப் பார்த்தேன். முன்னால் குனிந்து, இறுகி, கட்டை மாதிரி இருந்தது. இந்த மனிதர் படுத்துத் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று தெரிந்துவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மெத்தைக்காரருக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் பனிக்குள்ளிருந்து அவரே ஏரிக்கரையில் எதிரே வந்தார். முதல் சந்திப்பில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இரண்டாவது சந்திப்பில் என்னால் முடியவில்லை.

"சார், நீங்க நாற்காலியில உக்காந்துட்டேதானே தூங்கறீங்க?"

அவர் நின்றுவிட்டார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. கல்பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசமாச்சுங்க. படுத்தாக் கடை முழுக்கத் தலைக்குள்ள வந்து நிக்குது. கடையில நாப்பது மெத்த கெடக்குது, ஒண்ணுலயும் தூக்கம் வரலீங்க."

சட்டைப் பையில் கர்சீப் மாதிரி என்னிடம் எப்போதும் டேப் இருக்கும். காதிலிருந்து தோள் நுனி வரை, பிறகு கழுத்துப் பள்ளம். போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். கோபம் எங்கே போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆறு நாள் அந்தக் கழுத்தையே நினைத்துக்கொண்டு பஞ்சு அடைத்தேன். அறை முழுக்க இலவம்பஞ்சு பறந்து, ஏரிப்பனி வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. புதன்கிழமை கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த நாள் அவர் கூட்டத்துக்கு வரவில்லையாம். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நிர்மலாதான் ஏரியில் சொன்னார். அதற்கடுத்த வியாழனும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. விடியலில் ஏரிப்பக்கமும் ஆளைக் காணோம்.

"ஹில்டா, இந்த வாரமும் வரலேன்னா சீட் காலி. ஃபார்ம் எழுதி வெச்சுக்குங்க. என்னோட பதினாலு ரூமும் உங்களுக்குதான்," என்றார் நிர்மலா.

அது ஜனவரியின் கடைசி வியாழன். மறுநாள் மஸ்கட்டுக்குப் பதில் சொல்லும் நாள். இரவே ஃபார்மை எழுதிப் பையில் வைத்தேன். காலையில் ஆறரைக்கு ஆட்டோவில் போகும்போது, வழியில் கிருஷ்ணராஜ் கடை வந்தது. வீடு அதன் மாடியில். நிறுத்தாமல் போயிருக்கலாம். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி மாதேவி. உதட்டில் விரலை வைத்தார்.

"தூங்கறாருங்க. போனை நானே அமத்தி வெச்சுட்டனுங்க. எந்திரிச்சா என்னய வெய்யறாரு, வெய்யட்டும். ரெண்டு வருசத்துக்கு அப்பறம் இப்பத்தான் கொறட்ட சத்தமே கேக்குது. மொத நாளு அதக் கேட்டுட்டு நான் அழுதே போட்டனுங்க."

"இன்னைக்குப் போகலேன்னா கூட்டத்துல இடம் போயிடும்மா."

"போனாப் போகுது போங்க."

திறந்த கதவு வழியே அவர் தெரிந்தார். மல்லாந்து, கழுத்து தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து. மனசுக்குள் ஒரு குரல் நல்ல பிள்ளை மாதிரி சொன்னது: நீ நர்ஸ், தூங்குகிறவரை எழுப்பக்கூடாது. எழுப்பாவிட்டால் இடம் எனக்கு, நிக்கோலும் எனக்கு. இத்தனை வருஷம் நான் மதித்த ஒரு வழக்கம் அன்றைக்கு எனக்கே கூஜா தூக்கியது. அதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே சமயம், அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. இரண்டும் நிஜம்.

மணி ஆறு நாற்பத்தைந்து ஆனது. எழுப்ப என்னால் முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை.

"அவர் சட்டையில குத்திக்கற பேட்ஜ் இருக்குல்ல, அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க," என்றேன்.

கிருஷ்ணராஜின் நாற்காலியில், கிருஷ்ணராஜின் பெயரைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் எழுந்தேன். அவர் கடை எங்கே இருக்கிறது, எந்த மெத்தை யார் முதுகுக்கு ஏற்றது, வாங்கும்முன் எப்படி அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று நாற்பது விநாடி பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

"அவர் ஏன் வரல?" என்று நிர்மலா கேட்டார்.

"தூங்கறார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கு, கண் எரிய, காப்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர். அவர் இரண்டு வருஷமாகத் தூங்காதது அதில் பாதிப் பேருக்குத் தெரியும் போலிருக்கிறது.

"எப்படி?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பத்து விநாடி மிச்சம் இருந்தது. என் தலையணை என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. "நான் மாற்று ஆள். அதைப் பத்திப் பேசக்கூடாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பையில் இருந்த ஃபார்ம் மடியில் கனத்தது. முடிந்தது, மஸ்கட்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இட்லி நேரத்தில் நிர்மலா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையை என் பக்கம் சாய்த்தார். "ஆய்த்து, கூட்டம் முடிஞ்சுது. இப்ப பேசலாமில்ல? மொதல்ல என் கழுத்த அளங்க." அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "தலகாணிக்குத் தனி சீட் போடலாம். கிருஷ்ணராஜ் ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

ஒன்பதரைக்கு அவரிடமிருந்தே போன் வந்தது. குரல் சோற்றுப் பானை மாதிரி சூடாக, தூக்கம் கலையாமல் இருந்தது.

"ஏனுங்கம்மா எழுப்பல?"

"நர்ஸ் எழுப்ப மாட்டாங்க சார். உங்க சீட் பத்திரமா இருக்கு."

பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "நிர்மலாம்மாகிட்டச் சொல்லிப் போட்டனுங்க. மெத்த வேற, தலகாணி வேறன்னு."

மறுநாள் மத்தியானம், மஸ்கட்டுக்குப் பதில் எழுதும்முன் நிர்மலாவின் முதல் தலையணையை முடித்துவிடலாம் என்று பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்தேன். எப்போது சாய்ந்தேன் என்று தெரியாது. ஏரியில் எல்லோரும் என் திசையிலேயே நடந்துகொண்டிருந்தார்கள், யாருக்கும் கழுத்து வலி இல்லை. எங்கேயோ போன் அடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நிக்கோல் அதை எடுத்தாள். பேசியது மஸ்கட் ஆஸ்பத்திரி மேட்ரன். நாகர்கோவில்காரர், தமிழில்தான் பேசுவார்.

"அம்மா தூங்கறாங்க, ஆன்ட்டி," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல, நான் எழுப்ப மாட்டேன்."

நான் விழித்துத்தான் இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை.