விட்டுப்போன கயிறு

விரோதி வருஷம் ஆனி மாதம் ஒன்பதாம் தேதி விடிந்தபோது, கோம்பை ஊர்க் கருத்தக்கண்ணனின் வலது கைக்குள் ஒரு கயிறு இருந்தது. கையைத் திறக்க முடியவில்லை. கயிற்றின் மறுமுனை மேற்கே மலையடிவாரத்தில், பங்கிராஸ் என்ற மாதாகோயில் வேதக்காரக் குடியானவரின் ஒடிந்த காலில் கட்டியிருந்தது. நடுவே முந்நூற்று எழுபது முழம், மூன்று தெரு, ஒரு ஓடை. அதே நாளில் பெரியாற்றை மறிக்கும் வேலைக்காக இருபது வண்டிச் சுண்ணாம்பு கம்பம் சாலையில் போனது. ஊரில் பலர் அந்த வண்டிகளைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

கயிறு புதியதல்ல. கருத்தக்கண்ணனின் நாய் செவலையைக் கட்டும் கற்றாழை நார்க் கயிறுதான் அது; செம்பட்டை மயிர்கூட ஒட்டியிருந்தது. மூன்று நாள் முன்பு செவலையைக் கூட்டிக்கொண்டு அவர் ஓடைக்கரையில் போனபோது முள்ளுக்குள்ளிருந்து ஒரு முயல் பாய்ந்தது. கோம்பை நாய் முயலைப் பார்த்துவிட்டு மரியாதை பார்த்து நிற்குமா? கயிற்றையும் இழுத்துக்கொண்டு ஓடியது. கலப்பையைத் தோளில் வைத்து எதிரே வந்த பங்கிராஸின் காலைக் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியது. ஓடைக் கல்லில் விழுந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. நாய் கடிக்கவில்லை, ஒரு பல்கூடப் படவில்லை. திரும்பி வந்து அவர் முகத்தை நக்கியது, அவ்வளவுதான்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரின் பிராணியால் இன்னொருவருக்குக் கையோ காலோ ஒடிந்தால், பிராணிக்காரர் அந்த எலும்பு கூடும்வரை அவருக்காக உழுது விதைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்குப் பெயர் கால் நிற்பது. ஆனால் பிராணியை அவர் விட்டிருந்தால்தான். தானாக விட்டுப்போயிருந்தால் அது தெய்வச் செயல், யாரும் பொறுப்பில்லை. ஊர் கூடும் மந்தையில் கூட்டம் போட்டுக் கேட்டார்கள். கயிறு கைய விட்டுப்போச்சு என்றார் கருத்தக்கண்ணன். இன்னும் இரண்டு தடவை, கேட்காமலே அதைச் சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். இருந்தாலும் மந்தை வார்த்தையை எடுத்துக்கொண்டது, கூட்டம் கலைந்தது. மறுநாள் விடியலில்தான் கயிறு வந்தது.

அருவாளால் வெட்டினார், வெட்டுவாய் அங்கேயே கூடிக்கொண்டது. நெருப்பு வைத்தார், புகை வந்தது, கயிறு கருகவில்லை. கடைசியில் அதை அவிழ்த்துத் தரச் சொல்லி தாசில் கச்சேரிக்கே போனார். கயிறு அவ்வளவு தூரமும் கூட நீண்டு வந்தது. அங்கே ஒரு குமாஸ்தா தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். கடித்த நாய்க்குப் பிரிவு இருந்தது, வெறி நாய்க்கும் இருந்தது, ஓடின நாய்க்கு இல்லை. உம்மேல் குற்றமில்லை, வீட்டுக்குப் போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரே அந்தக் கயிற்றில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தார். அதை மட்டும் எழுதவில்லை.

காகிதத்தோடு திரும்பிய நாளிலிருந்து கயிறு தினம் இருபது முழம் குறையத் தொடங்கியது. கருத்தக்கண்ணன் தன் வீட்டைவிட்டுத் தெருவுக்கு இழுபட்டார், தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு. அவர் பெண்டாட்டி சோற்றுச் சட்டியோடு, இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். அவர் பாடு அது. பங்கிராஸின் பாடு கொடுமை. எலும்பு கட்டும் வைத்தியர் அழகர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போவார்; விடியும்போது கயிறு இழுத்துக் கட்டைக் குலைத்திருக்கும். ஆடி பிறக்கும் வரை இழுத்தால் காலை எடுக்கத்தான் வேண்டும் என்று அழகர் சொல்லிவிட்டார். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டியவர், காலைக் கொடுத்துவிட்டு எதை விதைப்பது? பங்கிராஸின் மனைவி இருதயம்மாள் மாதாவிடம் அழுதாள், பிறகு அழவும் நேரமில்லாமல் போயிற்று.

ஆனி கடைசி நாள் உச்சிவேளையில் பத்து முழம்தான் மிச்சம். பங்கிராஸ் வீட்டு வாசலில் கருத்தக்கண்ணன் நின்றார், இடது கையில் அருவாள். நாயை வெட்டினால் கயிறு போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அல்லது அவரே சொல்லிக்கொண்டார். செவலை, கயிறு வந்த நாளிலிருந்து அந்த வாசலில்தான் கிடந்தது. எசமானைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டியது.

இருதயம்மாள் வெளியே வந்தாள். "நாய வெட்டுங்க, நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வெட்டுங்க. அன்னைக்கு உங்க கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

மந்தையிலும் இதைக் கேட்கவில்லை, கச்சேரியிலும் கேட்கவில்லை. கயிறு விண்ணென்று இறுகியது. உள்ளே பங்கிராஸ் துண்டைக் கடித்துக்கொண்டு முனகுவது வாசல்வரை கேட்டது. கருத்தக்கண்ணன் தன் மூடிய வலது கையைப் பார்த்தார்.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுனேன்" என்றார். "ஒத்தக் கையில தடவ வரல."

"அப்ப கயிறு விட்டுப்போச்சா, நீங்க விட்டீகளா?"

அருவாள் கீழே விழுந்தது. "விட்டேன், தாயி. நான்தான் விட்டேன்."

கயிறு தொய்ந்து தரையில் படுத்தது. இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு அவர் விரல்கள் பிரிந்தன. உள்ளே முனகல் நின்றது. எட்டிப் பார்த்தால் பங்கிராஸ் தூங்கிக்கொண்டிருந்தார். செவலை அருவாளை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மந்தை கூடும்வரை கருத்தக்கண்ணன் காத்திருக்கவில்லை. ஆடி முதல் தேதி பங்கிராஸின் நிலத்தில் ஏர் பூட்டினார். கால் ஐப்பசியில் கூடியது, லேசான கோணலோடு. கருத்தக்கண்ணன் மாசிவரை அந்த நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், வெற்றிலை போடாமல். கயிறு மட்டும் அவர் உள்ளங்கையையும் பங்கிராஸின் காலையும் விட்டுப் போகவில்லை. வேண்டிய அளவு நீண்டும் சுருங்கியும் யாரையும் இழுக்காமல் கிடந்தது. வண்டிக்காரர்கள் அதைத் தூக்கிப் பிடித்துக் கடந்தார்கள், பெண்கள் சேலை காயப்போட்டார்கள்.

நந்தன வருஷத்தில் பலவேசம் என்பவரின் காளை மிரண்டு ஓடி ஒருவரின் தோள் எலும்பை முறித்தது. மந்தையில் யாரும் வாய் திறக்கும் முன்பே, பலவேசம் தன் வெறும் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நான்தான் விட்டேன்" என்றார். கருத்தக்கண்ணன் கயிற்றில் காய்ந்த சேலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவருக்குத் தன் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்.