அசல் பாட்டில்

ராஜம்மா முகத்துக்குப் பூசும் ஸ்நோ பாட்டிலைக் கவிழ்த்து அடியை வெயிலில் காட்டினாள். கண்ணாடியிலேயே வார்த்த பிறை, அதன் கீழே மூன்று எழுத்து. விரலால் தடவிப் பார்த்தாள். போலியென்றால் அடி வழவழவென்று இருக்கும்.

"அசலுதான்க்கா. தைரியமா பூசச் சொல்லு" என்றாள் லோகநாயகியிடம்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஆவடி குவார்ட்டர்ஸில் பவுடர், ஸ்நோ, கண்மை என்று பை தூக்கி வீடு வீடாக விற்பவள் ராஜம்மா. கடையில் வாங்கியதைக்கூட அவளிடம் காட்டிவிட்டுத்தான் பெண்கள் திறப்பார்கள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. இருக்காதா பின்னே, வேறு எதற்கு அவளை யார் ஒரு வார்த்தை கேட்டார்கள்? இந்த ஸ்நோவை லோகநாயகி பஜாரில் மலிவாக வாங்கியிருந்தாள். மகள் பத்மாவைப் பெண் பார்க்க அடுத்த மாதம் வருகிறார்கள். அதற்குள் கொஞ்சம் நிறம் கூடினால் தேவலை என்று தாய்க்கு ஓர் ஆசை.

மூன்றாம் வாரம் பத்மாவின் கன்னங்கள் எரிந்தன. தோல் உரிந்த இடத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு வெள்ளை விழுந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். டாக்டர் ஸ்நோவை முகர்ந்து பார்த்துவிட்டு, இது சுத்தப் போலி என்றாராம்.

ராஜம்மா நம்பவில்லை. என் கண்ணா பொய் சொல்லும் என்று இரண்டு நாள் வீம்பாகத் திரிந்தாள்.

காலி பாட்டில் கொடுப்பவர்களுக்கு ஒரு பொட்டு அட்டை கொடுப்பது அவள் வழக்கம். சேர்ந்த பாட்டில்களை மாதம் ஒருமுறை கோணியில் கட்டி, பஸ்ஸில் பாடிக்குப் போய், அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த செங்கல்வராயனிடம் போடுவாள். ஆறு வருஷப் பழக்கம். இந்த முறை கோணியை இறக்கியதும் என்னவோ கேட்கத் தோன்றியது.

"அண்ணாத்தே, இதெல்லாம் எங்க போவுது?"

அவன் சிரித்தான். "இன்னாமே, இத்தினி வருசமா போட்டுகினு கீற, இப்ப கேக்குற? ஊறுகாயா போடுவாங்க? கழுவி, அவனவன் சரக்க ரொப்பி, மேல புதுத்தாளு ஒட்டி வித்துடுவான். பாட்டிலு அசலாச்சே, எவ கண்டுபுடிப்பா?"

ராஜம்மா கோணியின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினாள். கோணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ்கள் நின்று நின்று போயின, ஏறத் தோன்றவில்லை. பத்மாவின் ஸ்நோ பாட்டில் இதே கோணியில் போனதாகக்கூட இருக்கும். பாவி, பாவி என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏறி, நேராக லோகநாயகி வீட்டுக்குப் போய், வாசற்படியிலேயே நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள். லோகநாயகி கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"போயிடு ராஜம்மா. என் வாயில ஏதாச்சும் வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ராஜம்மா திரும்பினாள்.

"அக்கா, இரு."

பத்மா உள்ளிருந்து வந்தாள். இருபது வயதுப் பெண், தாவணியால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

"ஆறு மாசத்துல மாறிடும்னு டாக்டரு சொல்றாரு. அம்மா நம்பாம அழுதுகினே கீது. எனக்கு யாரு சொல்றது நெசம்னு தெரியல."

தாவணியை விலக்கினாள்.

"நீ பாத்து சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவேன்."

ராஜம்மா கோணியைப் படியில் இறக்கி வைத்தாள். பத்மா கண்களை மூடி, கன்னத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டியபடி நின்றாள்.